தாள் பார்த்து வாசித்தவள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எங்கள் வீட்டு முன்னறையில் மேசை விசிறி இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. நான் கிதாரை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். எதிரே தையல் மிஷின் மேல் புத்தகம் விரிந்து நின்றது. ஐந்து கோடுகளும் கறுப்பு உருண்டைகளுமாக இரண்டு பக்கம்.

அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். "பாரு, கண்ணு தாளை விட்டு நகரல. இம்புட்டுப் புள்ளிய ஒண்ணு விடாமப் படிச்சு வாசிக்கிறா" என்று அம்மாவிடம் சொன்னார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, விசிறிக் காற்றில் இரண்டு தாள்கள் படபடவென்று புரண்டன. இப்போது என் முன்னால் வேறொரு பாட்டு இருந்தது. நான் அந்த வேறொரு பாட்டையே உற்றுப் பார்த்தபடி, பழைய பாட்டை ஒரு சுரம் பிசகாமல் வாசித்துக்கொண்டே போனேன்.

பாயில் உட்கார்ந்து அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்த என் மாணவி செல்லாத்தாள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, புரண்ட தாள்களைப் பழையபடி திருப்பினாள். மறுபடி பறக்காமல் இருக்க, நூல்கண்டு டப்பாவை ஓரத்தில் வைத்தாள். போய் உட்கார்ந்து கடலையை எடுத்தாள்.

அப்பா கவனிக்கவில்லை. அம்மா கவனிக்கவில்லை. என் காது மட்டும் கொதித்தது.

கிதார் வந்த வழி

திண்டுக்கல் ஸ்டேஷன் பக்கம் ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா கணக்கு சொல்லிக்கொடுத்திருந்தார். அவர்கள் ஊரை விட்டுக் கப்பலேறியபோது, "ரெஜினா கோவிலில் பாடுகிற பெண்தானே, அவளுக்கு இருக்கட்டும்" என்று எனக்காக ஒரு கிதாரையும் ஒரு புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய சமயம்.

எங்கள் தெருவில் அதை வீணை என்றவர்கள் உண்டு. பிடில் என்றவர்களும் உண்டு. மடியில் வைத்தால் மரமும் பழைய மெழுகும் கலந்த வாசனை வரும். கம்பி அறுந்தால் மதுரைக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

புத்தகம், ஆசிரியர் இல்லாமல் தானாகக் கற்றுக்கொள்பவர்களுக்கானது. ஆனால் முக்கியமான முதல் சில தாள்கள் இல்லை. ஆறு கம்பிகளுக்கும் பெயர் போட்ட படம் ஒன்றும், அதற்கடுத்த பாடங்களும் மட்டும் மிஞ்சியிருந்தன.

எனக்கு அது குறையாகவே படவில்லை. சின்ன வயதிலிருந்தே கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் காது எனக்கு. மாதா கோவில் ஆர்மோனியத்தின் ஒலியை மனதில் வைத்துக் கம்பிகளுக்குச் சுருதி கூட்டினேன். தெரிந்த பாட்டுகளைத் தேடித் தேடி விரலில் பிடித்தேன். புத்தகம் பெட்டிக்குள் கிடந்தது.

அடிக்கோட்டுப் பொத்தான்

நான் அப்போது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, வேடசந்தூர் வாசகர் ஒருவர், "அங்கே பெண்களும் படித்தார்களா?" என்று கேட்டிருக்கிறார். படித்தார்கள். காலை வகுப்பில் மட்டும் ஆறேழு பேர். அவர்களில் ஒருத்தி செல்லாத்தாள்.

தொப்பம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். பத்தாவது வகுப்புக்கு மேல் படித்த முதல் பெண். திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் தங்கி வகுப்புக்கு வந்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள். முதலில் டீச்சர் என்றாள், பிறகு அக்கா என்றாள். இரண்டுக்கும் பின்னால் அந்தப் பக்கத்து 'ங்க' தவறாமல் வரும்.

ஒரு நாள் என் வீட்டுக்கு நோட்டு வாங்க வந்தவள், பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து விரித்தாள்.

"இதுல என்னங்க்கா எழுதியிருக்குது?"

"பாட்டு. அத அப்படித்தான் எழுதுவாங்க."

"எப்படிப் படிக்கிறதுங்க?"

"எனக்கு அது வேண்டியதில்ல. கேட்டாலே வாசிச்சிருவேன்."

"எனக்கு வேணுமுங்க" என்றாள். "எழுதி வச்சிருக்கறாங்க. படிக்க முடியலீன்னா தூக்கம் வராதுங்க."

அவளுக்குக் காது மந்தம் என்று அவளே சொல்லுவாள். பாட்டு வரியைத் திருப்பிப் பாடச் சொன்னால் எங்கோ போய்விடுவாள். கோவில் பாட்டு ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. புத்தகத்தில் இருந்ததெல்லாம் சீமைப் பாட்டுகள். ஆகவே அவளுக்கு உதவி செய்ய அந்தத் தாளைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

ஒரு வாரம் கழித்து வந்து சொன்னாள். "அக்கா, இது நம்ம சுருக்கெழுத்து மாதிரியேதானுங்க. கோட்டுக்கு மேல எழுதினா ஒண்ணு, கோட்டு மேலயே எழுதினா இன்னொண்ணு, கோட்ட வெட்டிட்டுப் போனா வேறொண்ணு. எழுத்து அதேதான், உக்கார்ற எடம்தான் மாறுது. இதுலயும் உருண்டை அதேதானுங்க. உக்கார்ற எடத்தப் பாருங்க."

நாலு வருடமாகச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு இது தோன்றவில்லை.

அன்றே புத்தகத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்லிய கம்பியில் தொடங்கினாள். எதையும் அழுத்தாமல் மீட்டினால் வருவது மேலிருந்து முதல் இடைவெளியில் இருக்கும் உருண்டை. கிதார்க் கழுத்தின் முதல் கட்டத்தில் அழுத்தினால் உச்சிக் கோட்டு உருண்டை. மூன்றாவது கட்டத்தில் அழுத்தினால் அந்தக் கோட்டுக்கும் மேலே ஏறி உட்கார்ந்திருப்பது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு முழுதாக ஒரு வாரம் போனது.

எழுதிப் பார்க்கக் கோடு போட்ட தாள் வேண்டுமே? இன்ஸ்டிட்யூட்டில் பழைய கறுப்பு மிஷின் ஒன்று ஓரத்தில் கிடந்தது. அதில் தாளைச் செருகி, அடிக்கோட்டுப் பொத்தானை விடாமல் தட்டினாள். ஒரு கோடு முடிந்ததும் உருளையைத் திருப்பி அடுத்த கோடு. ஐந்து கோடு, ஒரு இடைவெளி, மறுபடி ஐந்து கோடு. இடையில் கார்பன் வைத்து ஒரே நேரத்தில் மூன்று பிரதி. வகுப்பு முடிந்தபின் அந்தச் சத்தம் தெரு வரை கேட்கும். முதலாளி எட்டிப் பார்த்து, "எந்தப் பரீட்சைக்குமா இது?" என்றார். "எனக்கே எனக்குங்க" என்றாள்.

விரல் நுனியில் கம்பி வெட்டிக் கொப்புளம் வந்தது. வெங்காயம் நறுக்கும்போது எரிகிறது என்றாள். நிறுத்தவில்லை.

பேர் எனக்கு வந்தது

இங்கேதான் என் திருட்டுத்தனம் தொடங்கியது.

செல்லா ஒரு வரியைத் திக்கித் திக்கி, உதட்டால் எண்ணிக்கொண்டே வாசிப்பாள். அவள் இரண்டாம் முறை வாசிப்பதற்குள் அது எனக்குள் இறங்கிவிடும். கிதாரை வாங்கி மளமளவென்று வாசித்துவிடுவேன். அவள் வியந்து போவாள். "எப்படீங்க்கா இப்படி வருது?" என்பாள். அவள் எடுத்துக்கொடுத்த பாட்டு என்பதே இருவருக்கும் மறந்துபோகும்.

வாசிக்கும்போது எதிரில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். அழகாக இருந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள். கோவில் பாடகர் குழுவில் செய்தி பரவியது. ரெஜினா தாள் பார்த்து வாசிக்கிறாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுபடி அந்த ஞாயிறு

அன்று சாயங்காலம் செல்லாவை அத்தை வீடு வரை கொண்டுபோய் விட்டேன். மலைக்கோட்டைப் பாறையின் வெயில் சூடு இன்னும் காற்றில் இருந்தது.

"ஃபேன் காத்துல பக்கம் திரும்பிருச்சு. நான் கவனிக்கல" என்றேன்.

"சரிங்க்கா."

"மனப்பாடம் ஆயிட்டா தாளு எதுக்கு? சும்மா பார்த்துக்கிட்டிருந்தேன்."

"சரிங்க."

வாசலுக்கு வந்ததும், "செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க, காப்பி போடறேன்" என்றாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னொரு நாள் வாரேன் என்று திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும்போல வந்தாள், எனக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினாள்.

சாமியாரின் ஊர்ப் பாட்டு

எங்கள் பங்குச் சாமியார், அதாவது கோவில் பாதிரியார், பிரான்சு தேசத்துக்காரர். திண்டுக்கல்லிலேயே தலை நரைத்தவர். எங்களைப் போலவே, 'வாரேன், போறேன்' என்றுதான் பேசுவார். அவரைச் சொந்த நாட்டுக்கே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் பிரிவுபசாரம்.

வியாழக்கிழமை கன்னியர் மடத்து மதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கையில் ஒரு தாள். சாமியாரின் தங்கை தபாலில் அனுப்பியது. அவர்கள் சிறுவயதில் வீட்டில் பாடிய பாட்டாம்.

"இங்க யாருக்கும் இது தெரியாது. கேட்டவங்களும் இல்ல" என்றார் மதர். "நீ தாள் பார்த்து வாசிப்பியாமே. அவருக்குச் சொல்லாம வச்சிருந்து வாசி."

நான் தாளை வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தாளின் மொடமொடப்பு விரலில் தெரிகிறது.

அன்று மாலை முழுவதும் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஆள்காட்டி விரலால் கோடுகளை எண்ணி, கம்பியைத் தேடி, மறுபடி எண்ணி, ஒரு மணி நேரத்தில் நாலே நாலு சுரம். அவை எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. பாட்டாகச் சேரவில்லை. கேட்டிருந்தால் நொடியில் பிடித்திருப்பேன். கேட்பதற்கு ஊரில் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, மிஷின் முன்னால் இருந்த செல்லாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"செல்லா, எனக்குத் தாள் படிக்கத் தெரியாது."

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "தெரியுமுங்க்கா. ஃபேன் காத்துல தாளு பொரண்ட அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் எதுவும் கேக்கல?"

"நீங்களாச் சொல்லோணும்னு இருந்தேனுங்க."

மதியம் என் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தவள் ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். முதலில் கிதாரைத் தொடவே இல்லை. தாளை மடியில் விரித்து, செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே ஒவ்வொரு பகுதியாகக் கால் விரலால் தரையில் தட்டி எண்ணினாள். ஓரிடத்தில் உருண்டைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. "இத இன்னும் பாதி நீட்டோணும்" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு கிதாரை வாங்கினாள். இரண்டு சுரம், நிறுத்தம். மூன்று சுரம், நிறுத்தம். திரும்பிப் போவாள், எண்ணுவாள், வருவாள்.

மூன்றரை மணி வாக்கில் அந்த நிறுத்தங்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. எங்கள் முன்னறையில், இதுவரை இந்த ஊரில் யாரும் கேட்டிராத ஒரு பாட்டு இருந்தது. சமையலறையிலிருந்து அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். செல்லாவுக்குப் பாடத் தெரியாது, பிரான்சு தெரியாது, கோவில் தெரியாது. ஒரு தாளிலிருந்து இதை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். நான் அதுவரை எந்தப் பாட்டுக்காரரையும் பார்த்து இப்படி அசந்ததில்லை.

நாலரை மணிக்குள் எனக்கு வந்துவிட்டது. வழக்கம்போல மளமளவென்று.

ஒரு தலையாட்டல்

சனிக்கிழமை மேடையில் நான் வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே சாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மெல்லிய, நடுங்கும் குரலில் அவர் மொழியில் கூடவே பாடினார்.

முடிந்ததும் என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க அம்மா பாடினது. இத நீயா தாளைப் படிச்சு வாசிச்ச?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இரண்டடி தள்ளி செல்லா நின்றாள். சாமியாரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளுக்குப் போதுமாக இருந்தது என்று பிறகு புரிந்துகொண்டேன். அன்று எனக்கு அவள் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை ரயிலில் அவர் போய்விட்டார். அந்த வாரமே மதரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர், "இத என்கிட்ட சொல்லி என்ன? அவருக்கு எழுது" என்று ஒரு விலாசம் கொடுத்தார். எழுதினேன். செல்லாத்தாள் என்ற பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு முறை எழுதினேன். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

செல்லாவிடம் மன்னிப்புக் கேட்டபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள்.

"இனிமே ஒரு வரிகூட உங்களுக்கு வாசிச்சுக் காட்ட மாட்டேனுங்க்கா. எழுதித் தாரேன். நீங்களாப் படிங்க."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. உங்க காது உங்களப் படிக்க உடமாட்டேங்குது. அதான்."

சொன்னபடியே செய்தாள். அவள் டைப் அடித்த கோடுகளில் வாரம் ஒரு தாள் எழுதித் தருவாள். நான் இருபத்தைந்து வயதில் அ, ஆ எழுதும் குழந்தைபோல விரல் வைத்து எண்ணினேன். அழுகை வந்த நாட்கள் உண்டு. "ஒரே ஒரு தடவ வாசிச்சுக் காட்டேன்" என்று கெஞ்சியிருக்கிறேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

பழனியிலிருந்து ஓர் உறை

அவளுக்குக் கல்யாணம் ஆனது. பழனியில் அடிவாரத்துக்குப் பக்கத்தில் யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜ் நடத்தும் குடும்பம். நல்ல மாப்பிள்ளை. அங்கே கிதார் கிடையாது. அதைக் கேட்பதற்கு அவளுக்கு வாயும் வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஓர் உறை வந்தது. உள்ளே பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கையால் கோடு போட்டு எழுதிய ஒரு பாட்டு. கூடவே இரண்டு வரி. "அக்கா, இது நான் எழுதினது. வாசிக்கப் பழகிக்கொண்டு ஒரு நாள் வாருங்கள்."

யாரும் வாசித்துக் காட்ட முடியாத பாட்டு. எனக்கு எட்டு நாள் பிடித்தது.

மூன்றாவது வரியில் ஓரிடம் இடறியது. அங்கே என் காது ஒரு கட்டம் மேலே போகச் சொன்னது. விரல் தானாகவே அங்கே நகர்ந்தது. தாளில் அப்படி இல்லை. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். தாளில் இருந்ததையே வாசிப்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

கிதாரைப் போர்வையில் சுற்றி பஸ் ஏறினேன். ஒட்டன்சத்திரத்தில் கொத்தமல்லிக் கட்டோடு ஏறிய ஒரு அம்மா, "ஏனுங்க, கொழந்தைங்களா?" என்று போர்வையை எட்டிப் பார்த்தார்.

லாட்ஜில் செல்லாவின் மாமியார், "சாப்டுப்போட்டு அப்பறம் வாசிங்க டீச்சர்" என்று இலை போட்டார். பிறகு மாடியில் காலியாக இருந்த ஓர் அறைக்குப் போனோம். சுவரில் யார் யாரோ துடைத்த திருநீற்றுக் கறை. பக்கத்தில் பஞ்சாமிர்தம் போடும் இடத்திலிருந்து பழமும் வெல்லமும் கலந்த வாசனை.

செல்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். "எழுதினேனே ஒழிய, நான் இதக் கேட்டதே இல்லீங்க்கா" என்றாள்.

தாளைக் கட்டிலில் விரித்து வாசித்தேன். முதல் வரி. இரண்டாவது வரி. அவள் அசையவில்லை. மூன்றாவது வரியில் அந்த இடம் வந்தது.

"நில்லுங்க்கா."

நிறுத்தினேன். அவள் தாளைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தாள். நெடு நேரம் பார்த்தாள்.

"மனசுல எண்ணி வச்சதுல இங்க ஒரு கட்டம் மேல போகோணுமுங்க. நான் குறி போடாம உட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

"எனக்கும் அங்க ஒட்டல. ஆனா தாளுல அப்படித்தான் இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப நீங்க படிச்சுத்தான் வாசிச்சிருக்கறீங்க" என்றாள்.

கீழே போய்ப் பேனா எடுத்து வந்தாள். விடுபட்ட இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக நாலு சின்னக் கோடு போட்டு, ஒரு கட்டம் ஏற்றச் சொல்லும் அந்தக் குறியை எழுதினாள். மை காயும் வரை ஊதினாள். தாளை என் முன்னால் வைத்தாள்.

"இப்ப வாசிங்க்கா."

முதல் வரியிலிருந்து தொடங்கினேன். பாட்டுக் கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். செல்லா மூடவில்லை. எனக்குப் பக்கத்தில் குனிந்து, நான் வாசிக்க வாசிக்க, தாளில் ஒவ்வோர் உருண்டையாக விரல் வைத்துக்கொண்டே வந்தாள்.